ஆண்டீஸ் மலையில் சுக்கிராகா பார்க்கப் போகிறவர்களுக்கு: விசாவில் தொடங்கி பாராமோ வரை

சுக்கிராகா என்ற மலைப் பூச்செடியைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. ஈக்வடாரில் சரியான உயரத்துக்குப் போய்விட்டால் பாதையோரத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் பூத்து நிற்கும். கஷ்டமெல்லாம் அந்தப் பாதையோரத்துக்குப் போய்ச் சேருவதில்தான். விசா, தடுப்பூசி, டிரான்சிட், அப்புறம் உயரத்தில் மண்டையைப் பிளக்கும் தலைவலி. இணையத்தில் கிடைக்கிற பயணக் குறிப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் எழுதியவை. நம் கடவுச்சீட்டோடு கிளம்புகிறவருக்கு அதில் பாதி பொருந்தாது. அலைந்து தெரிந்துகொண்டதை வரிசைப்படி எழுதுகிறேன். செடிகொடிகளில் ஆர்வம் உள்ள, முதல்முறை ஆண்டீஸ் போகிற ஒருவரை மனதில் வைத்து எழுதியது இது. மலையேற்ற வீரர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

1. எந்தச் செடி என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள்

சுக்கிராகா ஒரு பேரினம். சாமந்தி, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பெரிய குடும்பத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே பிரிந்துபோன ஒரு சின்னக் கிளையில் வருவது. அந்தக் கிளை முழுக்கத் தென் அமெரிக்காவிலேயே நின்றுவிட்டது. கொலம்பியாவிலிருந்து பட்டகோனியா வரை சுமார் இருபது சிற்றினங்கள் உண்டு. ஈக்வடாரின் உயர்மலைகளில் நீங்கள் பார்க்கப் போவது சுக்கிராகா ஜுசியூயி. உள்ளூரில் 'சுக்கிராகுவா' என்பார்கள். மலையேறுகிறவர்களின் பூ என்ற பொருளில் 'ஃப்ளோர் டெல் அந்தினிஸ்தா' என்றும் சொல்வார்கள்.

சாமந்திக் குடும்பம் என்றதும் வட்டமாக இதழ் விரித்த பூவைத் தேடாதீர்கள். இதில் அப்படி இதழ்கள் கிடையாது. இடுப்பு உயரம், சில இடங்களில் ஆள் உயரம் வரும் விறைப்பான புதர். கிளை முழுவதும் சிறு இலைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். இலை தடித்து, மேல்பக்கம் பளபளப்பாக இருக்கும். நுனி ஊசியாக முடியும். கிளை நுனியில் ஒரே ஒரு பூந்தலை. அதன் வெளிப்புறம் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய காய்ந்த செதில்கள். அடியில் உள்ளவை சிறியவை, மேலே போகப் போக நீண்டு, ஆரஞ்சு நிறமாகும். அதற்குள்ளிருந்துதான் மெல்லிய குழல் பூக்கள் எட்டிப் பார்க்கும். தூரத்தில் நின்று 'பூ' என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி அந்தச் செதில்கள்தான். அதனால் வாடிப்போன பூந்தலையும் நிறம் மங்காமல் நாள்கணக்கில் நிற்கும். படம் எடுக்கும்போது உண்மையாகவே பூத்திருக்கிறதா, முடிந்துபோனதா என்று கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு எடுங்கள்.

புதிதாகப் போகிறவர்கள் குழப்பிக்கொள்வது பெர்பெரிஸ் புதரோடு. அதற்கும் முள் உண்டு, மஞ்சள்–ஆரஞ்சுப் பூ உண்டு. ஆனால் அதன் பூக்கள் மணிமணியாகச் சிறியவை, பழமும் பழுக்கும். முள் கணுவில் இருக்கும். சுக்கிராகாவின் இலையே முள்ளில் முடிகிறது. இந்த ஒரு வித்தியாசம் போதும்.

ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவில் லா கரோலினா பூங்காவுக்குள் இருக்கும் தாவரவியல் தோட்டத்தில், பாராமோ எனப்படும் உயர்மலைப் புல்வெளிச் செடிகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. போன மறுநாள் எப்படியும் உடம்பு மலையேற ஒத்துழைக்காது. அந்த நாளை அங்கே செலவிடுங்கள். நுழைவுக்குச் சில டாலர்கள் ஆகும், அவ்வளவுதான்.

2. எந்த மாதம்

பூவுக்காக மாதம் பார்க்க வேண்டியதில்லை. ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் எங்காவது பூத்திருக்கும். வானிலைக்காகத்தான் பார்க்க வேண்டும். கோட்டோபாக்சி, சிம்பொராசோ எரிமலைகளின் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. ஆனால் காற்று பிய்த்துக்கொண்டு போகும், கேமராவை அசையாமல் பிடிக்க முடியாது. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இன்னொரு சிறு இடைவெளி கிடைக்கும். என்னைக் கேட்டால் அந்த இடைவெளிதான் நல்லது.

ஒரு கண்ணி உண்டு. ஜூன்–ஆகஸ்டில் வறட்சி என்று படித்துவிட்டு மலைத்தொடரின் கிழக்குச் சரிவுக்கு, அதாவது அந்திசானா, பாப்பயாக்தா பக்கம் போய்விடாதீர்கள். அமேசான் பக்கத்து ஈரம் முழுவதும் அந்த மாதங்களில்தான் அங்கே கொட்டும். ஒரே நாடு, ஒரே மாதம், மலைக்கு இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் விடாத மழை.

3. விசா: பழைய குறிப்புகளை நம்பாதீர்கள்

ஒரு காலத்தில் ஈக்வடார் கிட்டத்தட்ட எல்லா நாட்டவருக்கும் விசா இல்லாமல் கதவைத் திறந்து வைத்திருந்தது. அந்தக் காலத்தில் எழுதிய பதிவுகள் இன்னும் தேடலில் முதலில் வருகின்றன. 2019 ஆகஸ்டிலிருந்து இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் விசா கட்டாயம். விமான நிலைய கவுண்டரில் வைத்து இதைத் தெரிந்துகொள்ளும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

விண்ணப்பம் அந்நாட்டு வெளியுறவுத் துறையின் இணையவாசல் வழியாகத்தான். இந்தியாவில் தூதரகம் புது தில்லியில் இருக்கிறது. கட்டணத்தையும் தற்போதைய ஆவணப் பட்டியலையும் அந்தத் தளத்திலேயே, விண்ணப்பிக்கும் அன்று பாருங்கள். ஏஜென்ட் வாயால் கேட்டதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். பட்டியல் எப்படி மாறினாலும் கீழே உள்ளவற்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது:

– ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, எல்லாப் பக்கங்களும் தெளிவாக ஸ்கேன் செய்தது
– கடைசி சில மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வங்கி முத்திரையுடன்
– வேலை அல்லது தொழிலுக்கான சான்று, விடுப்புக் கடிதம்
– போக வர டிக்கெட்டின் முன்பதிவு (பணம் கட்டி வாங்கிய டிக்கெட் அல்ல)
– எந்த ஊரில் எத்தனை இரவு என்ற பயணத் திட்டம், தங்குமிட முன்பதிவு
– ஏன் போகிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம். 'ஒரு பூவைப் பார்க்க' என்று எழுதத் தயங்க வேண்டாம். எந்தப் பூங்கா, எந்த மலை என்று குறிப்பாக எழுதினால் 'சுற்றிப் பார்க்க' என்ற ஒற்றை வரியைவிட நம்பும்படி இருக்கும்.

கடிதத்தையும் பயணத் திட்டத்தையும் ஸ்பானிஷிலும் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கப் போகிற அதிகாரியின் வேலை எளிதானால் உங்கள் வேலையும் எளிதாகும்.

இனி, தமிழர்களுக்கென்றே இருக்கிற ஒரு சிக்கல். நம்மில் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும். அல்லது அப்பா பெயர் அங்கே போயிருக்கும். வங்கிக் கணக்கில் இனிஷியல் மட்டும் இருக்கும். டிக்கெட்டில் விமான நிறுவனம் அதையே வேறு மாதிரி அடித்திருக்கும். ஸ்பானிஷ் படிவமோ 'அபெயீதோ', அதாவது குடும்பப்பெயர், நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே விடாது. அங்கே பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றுக்கு இரண்டு இருக்கும். தீர்வு ஒன்றுதான்: கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அதையே எல்லாவற்றுக்கும் அடிப்படையாக வையுங்கள். டிக்கெட், தடுப்பூசிப் புத்தகம், தங்குமிடம், காப்பீடு எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே வரிசை. வங்கி அறிக்கையில் இனிஷியல் மட்டும் இருந்தால், இன்னாரும் இன்னாரும் ஒருவரே என்று வங்கியிடமே ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். குடும்பப்பெயர் இல்லாதவர்கள் படிவத்தில் என்ன போட வேண்டும் என்று தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்ன பதிலுக்கு மதிப்பில்லை.

நேரம்: மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். விசா கைக்கு வருமுன் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் வாங்காதீர்கள்.

4. டிக்கெட்: மலிவு வழி எல்லாம் வழி அல்ல

தேடலில் முதலில் வருவது பெரும்பாலும் அமெரிக்கா வழியாகப் போகிற டிக்கெட். அமெரிக்க விமான நிலையத்தில் வெறுமனே விமானம் மாறுவதற்கும் அமெரிக்க விசா வேண்டும். வெளியே போகாமல் உட்கார்ந்திருக்கும் 'டிரான்சிட்' வசதி அங்கே கிடையாது. ஏற்கெனவே அமெரிக்க விசா இருப்பவர்களுக்கு இதுதான் வசதியான வழி. இல்லாதவர்கள் அதை மறந்துவிடலாம். எனக்கு ஒரு ஏஜென்ட் இதே டிக்கெட்டைத்தான் 'நல்ல டீல் சார்' என்று நீட்டினார். விசா பற்றிக் கேட்டபோது 'டிரான்சிட்தானே சார்' என்றார்.

ஐரோப்பா வழி: ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் நகரங்களிலிருந்து கீட்டோவுக்கு நேராகப் போகலாம். இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு எந்த ஷெங்கன் நாட்டிலும் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விமான நிலைய டிரான்சிட் விசா தேவை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா போன்ற சில இருந்தால் விலக்கு உண்டு. இந்தியக் கடவுச்சீட்டுக்கு அது நாட்டுக்கு நாடு மாறுகிறது, அடிக்கடியும் மாறுகிறது. எந்த விமான நிலையத்தில் மாறப் போகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் பாருங்கள்.

இரண்டாவது இதைவிட மோசமான கண்ணி. சென்னை–ஆம்ஸ்டர்டாம் ஒரு டிக்கெட், ஆம்ஸ்டர்டாம்–கீட்டோ தனியாக ஒரு டிக்கெட் என்று பிரித்து வாங்கினால் விலை குறையும். ஆனால் பெட்டியை எடுத்து மறுபடி செக்–இன் செய்ய வெளியே வர வேண்டியிருக்கும். வெளியே வந்தால் முழு ஷெங்கன் விசா வேண்டும். ஒரே முன்பதிவு எண்ணில் முழுப் பயணமும் இருக்கும்படி வாங்குங்கள்.

5. மஞ்சள் காய்ச்சல் ஊசி: திரும்பி வருவதற்காக

பாராமோவில் கொசுவே இருக்காது, அப்புறம் எதற்கு ஊசி என்று நினைக்கலாம். ஊசி மலைக்காக இல்லை. மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகள் பட்டியலில் ஈக்வடார் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். கீட்டோ மலைமேல் உள்ள நகரம், நான் காட்டுக்குள் போகவே இல்லை என்றெல்லாம் கவுண்டரில் வாதாட முடியாது. இலங்கையிலும் இதே சான்று கேட்பார்கள். பெரு, கொலம்பியா, பொலிவியா, பிரேசில் நாடுகளிலிருந்து நுழைபவர்களிடம் 2025 முதல் ஈக்வடாரே சான்று கேட்கத் தொடங்கியிருக்கிறது. எனவே பயணத்தில் பெருவையும் சேர்த்தால் போகும்போதும் தேவை.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். அரசு மையத்தில் சில நூறு ரூபாய்தான். ஆனால் குறிப்பிட்ட நாள்களில் மட்டும், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மட்டும். முன்பே நாள் குறித்துக்கொண்டு, அசல் கடவுச்சீட்டோடு போக வேண்டும், நகல் செல்லாது.

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபது வயதைத் தாண்டியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் போக வேண்டும். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி. சான்று எழுதித் தரும் மஞ்சள் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று கடவுச்சீட்டு எண்ணைச் சரிபாருங்கள். கையால் எழுதுகிறார்கள், ஓர் இலக்கம் தவறினாலும் வம்பு. புத்தகம் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் வேண்டாம்.

6. உயரம்: இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்

தொட்டபெட்டா 2,637 மீட்டர். கீட்டோ நகரம் சுமார் 2,850 மீட்டர். அதாவது நீலகிரியின் உச்சியைவிட உயரத்தில் ஊரே இருக்கிறது. சுக்கிராகா அதற்கும் மேலே. 3,000 மீட்டரைத் தாண்டித்தான் தொடங்கும், நீங்கள் நன்றாகப் பார்க்கப் போவது 3,800 முதல் 4,400 வரை. கடற்கரை ஊரில் இருந்து ஒரே நாளில் அங்கே போய் இறங்குகிற உடம்புக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஜிம் போகிறவர், மாரத்தான் ஓடுகிறவர் என்றெல்லாம் உயரம் பார்ப்பதில்லை.

பொது விதி: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. பகலில் உயரப் போய்விட்டு இரவில் இறங்கித் தூங்கலாம். நமக்கு வசதி என்னவென்றால், கீட்டோ, ரியோபாம்பா, குவென்கா மூன்றுமே 3,000 மீட்டருக்குக் கீழே. எனவே படுக்கை எப்போதும் ஊரில், பார்ப்பது மலையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைக் குடில்களில் தங்கும் ஆசையை முதல் பயணத்தில் விட்டுவிடுங்கள்.

நான் பரிந்துரைக்கும் வரிசை:

– முதல் இரண்டு நாள் கீட்டோ. மெதுவாக நடங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம். விமான நிலையம் நகரத்தைவிடத் தாழ்வான இடத்தில் இருக்கிறது. அங்கே தெம்பாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.
– மூன்றாம் நாள் டெலிஃபெரிகோ கேபிள் காரில் சில மணி நேரம் மேலே போய் இறங்குங்கள்.
– அதன்பிறகு கோட்டோபாக்சி, ஒரு பகல்.
– கடைசியில் சிம்பொராசோ.

உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்க அசிட்டசோலமைடு மாத்திரை பலருக்கு உதவும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. மாத்திரை எடுத்தால் கைகால் விரல்களில் ஊசி குத்துவது போல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். அளவை மருத்துவரிடம் கேட்டு, ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதற்குமேல் ஏறக் கூடாது. நடக்கும்போது தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, உடனே கீழே இறங்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிற விஷயம் இல்லை இது. வேன் முழுக்க ஆட்கள் உங்களுக்காகத் திரும்ப வேண்டியிருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்று. பல பாலிசிகளில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடந்ததற்குப் பணம் கிடையாது. 5,000 மீட்டர் வரை சாதாரண நடைப்பயணம் அடங்கியிருக்கிறது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

7. எங்கே பார்ப்பது

பிச்சிஞ்சா, கீட்டோ. மிக எளிதான இடம். டெலிஃபெரிகோ உங்களைச் சுமார் 3,945 மீட்டரில் இறக்கிவிடும். வெளிநாட்டவருக்கான கட்டணம் ஏறத்தாழ ஒன்பது, பத்து டாலர். அங்கிருந்து ருக்கு பிச்சிஞ்சா நோக்கிப் போகும் பாதையில் அரைமணி நேரம் மெதுவாக நடந்தாலே போதும், புல்வெளிக்கு நடுவே சுக்கிராகா தென்படும். உச்சிவரை போகத் தேவையில்லை. இந்தப் பாதையில் வழிப்பறி நடந்ததுண்டு. ஆள் நடமாட்டம் உள்ள வார இறுதிக் காலையில், கூட்டத்தோடு போங்கள்.

கோட்டோபாக்சி தேசியப் பூங்கா. லிம்பியோபுங்கோ ஏரியைச் சுற்றி வரும் சமதளப் பாதைதான் உங்களுக்கு வேண்டியது. எரிமலையின் குடிலுக்கு ஏறுவது அல்ல. எல்லோரும் குடிலுக்குத்தான் அவசரப்படுவார்கள். சுற்றுலா வேன்கள் ஏரியில் இருபது நிமிடம் நிறுத்தி, படம் எடுத்ததும் ஏறச் சொல்லும். முன்பதிவு செய்யும்போதே 'எனக்கு ஏரியில் இரண்டு மணி நேரம் வேண்டும்' என்று பேசிவிடுங்கள். இல்லையென்றால் கீட்டோவின் கீதும்பே பேருந்து நிலையத்திலிருந்து லத்தாகுங்கா பேருந்தில் ஏறி, பூங்காவுக்குத் திரும்பும் முனையில் இறங்குங்கள். அங்கே அனுமதி பெற்ற வழிகாட்டிகள் பிக்கப் வண்டியோடு நிற்பார்கள். வண்டிக்குத்தான் விலை, தலைக்கு அல்ல. எனவே ஆள் சேர்த்துக்கொண்டால் மலிவு. வாயிலில் கடவுச்சீட்டு விவரம் பதிவார்கள். பிற்பகலில் உள்ளே விடமாட்டார்கள், காலையிலேயே போய்விடுங்கள். கோட்டோபாக்சி உயிருள்ள எரிமலை. 2015இல் வெடித்தது, 2022–23இல் மறுபடி சாம்பல் கக்கியது. போகுமுன் அந்நாட்டுப் புவி இயற்பியல் நிறுவனத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

சிம்பொராசோ காப்பகம். ஓர் இடத்துக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது, உடம்பும் உயரத்துக்குப் பழகிவிட்டது என்றால் இங்கே போங்கள். கீட்டோவிலிருந்து ரியோபாம்பாவுக்குப் பேருந்தில் சுமார் நான்கு மணி நேரம். ரியோபாம்பாவில் ஓர் இரவு தங்கி, காலையில் குவாரந்தா போகும் பேருந்தில் ஏறுங்கள். எல்லாப் பேருந்தும் ஒரே வழியில் போவதில்லை. ஏறுமுன் நடத்துநரிடம் 'சிம்பொராசோ வாயில் வழியாகவா?' என்று கேட்டுவிடுங்கள். வாயில் சுமார் 4,370 மீட்டரில். அங்கிருந்து முதல் குடில் வரை எட்டு கிலோமீட்டர் மண்சாலை, உயரம் 4,850. அதை நடந்து ஏறாதீர்கள், பூவுக்காக அங்கே போகவும் வேண்டாம். மேலே போகப் போக வெறும் மணலும் கல்லும்தான். வாயிலுக்குக் கீழே, காற்று மறைவான ஓடைப் பள்ளங்களின் விளிம்பில்தான் புதர்கள் அடர்ந்திருக்கும்.

இங்கே நிற்க வேண்டிய காரணம் இன்னொன்றும் உண்டு. சுக்கிராகாவை நம்பி வாழும் ஓர் ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்), ஓரியோட்ரோகிலஸ் சிம்பொராசோ. ஆணுக்குத் தலையும் கழுத்தும் ஊதா கலந்த நீலம். இந்த மலையில் இருக்கும் வகைக்குத் தொண்டையில் பச்சைத் திட்டு ஒன்று கூடுதலாக இருக்கும். ஓசனிச்சிட்டு என்றால் அந்தரத்தில் நின்று சிறகடிப்பதை எதிர்பார்ப்போம். இது அப்படிச் செய்யாது. முள் நிறைந்த கிளையைக் காலால் பற்றிக்கொண்டு, உட்கார்ந்தபடியே பூந்தலைக்குள் அலகை நுழைக்கும். காற்று மெலிந்த உயரத்தில் சிறகடிப்பது பெரிய செலவு, உட்கார்ந்து குடித்தால் மிச்சம். இரவில் உடம்பின் வெப்பத்தையே இறக்கி, செத்ததுபோல் உறைந்து கிடந்து காலையில் எழும். எழுந்ததும் பசி. அதனால்தான் காலை ஏழு முதல் பத்து மணிக்குள் ஒரு நல்ல புதருக்கு முன்னால் பத்தடி தள்ளி உட்காருங்கள் என்கிறேன். பறவையைத் துரத்தாதீர்கள். அது ஒரே புதர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். அலகடியில் மகரந்தம் மஞ்சளாக ஒட்டியிருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும்.

காஹாஸ் தேசியப் பூங்கா, குவென்கா. தெற்கே போகிறவர்களுக்கு. குவென்கா–குவாயாகில் பேருந்து தொரெயாதோரா ஏரி வழியாகப் போகும். அங்கே இறங்கிப் பதிவு செய்துகொண்டு நடக்கலாம். நிலம் சதுப்பு, கம் பூட்ஸ் நல்லது. பனிமூட்டம் பத்து நிமிடத்தில் பாதையை மறைத்துவிடும். குறியிட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. இன்னும் தெற்கே, எல் ஓரோ, லோஹா மாகாணங்களின் எல்லை மலைகளில், சுக்கிராகாவை நம்பி வாழும் இன்னோர் ஓசனிச்சிட்டு இருக்கிறது. தொண்டை நீலம். 2018இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது, அழிவின் விளிம்பில் இருக்கிறது. முதல் பயணத்தில் அதைத் தேடிப் போக வேண்டாம் என்பேன்; பாதையும் மோசம், அந்தப் பறவைக்கும் தொந்தரவு.

எல்லா இடத்துக்கும் ஒரே நேரக் கணக்கு. நிலநடுக்கோட்டு நாடு, ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கு விடியும், ஆறு மணிக்கு இருட்டும். பத்து, பதினொரு மணிக்குமேல் மேகம் ஏறிவிடும். இருட்டோடு கிளம்பினால்தான் வெளிச்சம் கிடைக்கும். குளிரில் வெயில் தெரியாது, ஆனால் தோல் கருகிவிடும். தொப்பி, கண்ணாடி, சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். மண்டியிட்டுப் படம் எடுக்கத் தடித்த கால்சட்டையும் ஒரு ஜோடிக் கையுறையும் இருக்கட்டும். மண்டியிடுமுன் கீழே பாருங்கள்: மெத்தை மாதிரி இருக்கும் பச்சைத் திட்டுகளும் செடிகள்தான். மிகமிக மெதுவாக வளர்பவை, ஒரு மிதி பட்டால் தேற வருடக்கணக்காகும்.

8. பணம்

ஈக்வடாரின் நாணயமே அமெரிக்க டாலர்தான், 2000ஆம் ஆண்டிலிருந்து. மாற்றும் வேலை இல்லை. ஆனால் ஐம்பது, நூறு டாலர் தாள்களைக் கடையில் வாங்கமாட்டார்கள். ஊரிலிருந்தே ஐந்து, பத்து, இருபதாகக் கேட்டு வாங்குங்கள். கிழிந்த, கிறுக்கிய தாள் வேண்டாம்.

தோராயக் கணக்கு: எளிய அறை இரவுக்கு 15 முதல் 35 டாலர், மதியச் சாப்பாடு 'அல்முவெர்சோ' மூன்று, நான்கு டாலர், வெளியூர்ப் பேருந்து ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை டாலர், கோட்டோபாக்சி ஒருநாள் சுற்றுலா ஐம்பதுக்கு மேல். மொத்தச் செலவில் பெரும்பகுதி விமான டிக்கெட்தான். தரையில் அவ்வளவு ஆகாது. பூங்காக்களின் நுழைவுக் கட்டண விதி மாறக்கூடியது. கிளம்பும் வாரத்தில் பார்த்துவிட்டு, சில்லறை டாலர் வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் கோழி வரும். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று மாமிசம், கோழி, மீன் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்ட 'லோக்ரோ' சூப் மலைக்குளிருக்குச் சரியான சாப்பாடு.

பணத்தோடு ஒட்டிய இன்னொன்று, நாள். சாலைமறியல் போராட்டங்கள் வந்தால் மலைப்பகுதிச் சாலைகள்தான் முதலில் அடைபடும். 2019, 2022, 2025 மூன்று முறையும் அப்படித்தான் ஆனது. ரியோபாம்பாவிலிருந்து கீட்டோ திரும்பும் நாளுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு நாள் விடுங்கள். 2024 ஜனவரிக்குப் பிறகு பாதுகாப்பு நிலைமையும் மாறியிருக்கிறது. குவாயாகிலையும் கடற்கரை ஊர்களையும் தவிர்த்து மலைப்பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பகலில் மட்டும் பயணம் செய்யுங்கள்.

9. கொண்டு வரக் கூடாதவை

பூ பறிக்காதீர்கள், விதை சேர்க்காதீர்கள். காய்ந்த பூந்தலையில் இறகு வைத்த விதைகள் கைக்கு வாகாகத்தான் இருக்கும், ஊட்டியில் முளைக்குமா என்று ஆசையும் வரும். பாதுகாக்கப்பட்ட பகுதியில் அனுமதியில்லாமல் சேகரிப்பது குற்றம். நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். இந்தியாவுக்குள் விதை கொண்டுவர முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேண்டும். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கே மாதக்கணக்கில் ஆகிற வேலை இது.

சந்தையில் மூலிகைக்காரப் பெண்கள் காய்ந்த சுக்கிராகுவாவைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். சிறுநீரகத்துக்கு, ஈரலுக்கு, காய்ச்சலுக்கு என்று கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள். கசப்பு. சிறுநீரைப் பெருக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். உயரத்தில் ஏற்கெனவே நீர் வற்றிப்போகிற உடம்பு, அசிட்டசோலமைடும் எடுக்கிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம். ஊருக்கு வாங்கி வந்தாலும் சுங்கத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

படம் மட்டும் எடுத்து வாருங்கள். சிற்றினத்தை யாராவது உறுதிசெய்ய வேண்டுமென்றால் பூவின் அழகான ஒரே படம் உதவாது. ஒவ்வொரு புதருக்கும் நான்கு படம் எடுங்கள்: முழுப் புதரும் சுற்றுப்புறமும் தெரிய ஒன்று, இலை அடுக்கு கிட்டத்தில், நுனி முள் தெரியும்படி ஒன்று, பூந்தலையைப் பக்கவாட்டில், செதில் வரிசை தெரியும்படி ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று. கைபேசியில் உயரமும் இடமும் பதிவாகிறதா என்று மலையேறுமுன் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே சிக்னல் இருக்காது. குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். கூடுதல் பேட்டரியைப் பையில் வைக்காமல் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள்.